கம்பியோடு எரிந்தவர்கள்

வெள்ளைத்துறை மின்மயானத்துக்கு வருகிற பிணங்களில் பாதியைக் குப்புறக் கிடத்தித்தான் உள்ளே அனுப்புவார்கள். வேறு ஊர்களில் இந்த வழக்கம் கிடையாது. வாய்க்கரிசி போட்டு, முகம் பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, வாசலில் இருக்கும் கருங்கல் மேடையில் உடம்பைப் புரட்டுவார்கள். பிடரியில் சின்னதாக ஒரு கீறல். உலகம்மாள் அந்தக் கீறலுக்குள் கொக்கியை விட்டு மெல்ல இழுப்பாள். பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பை ஒட்டிக் கிடந்த வெள்ளைக் கம்பி, சதையில் எங்கும் பற்றாமல், எண்ணெய் பூசியது போல வழுக்கிக்கொண்டு வரும். அதைத் தூக்கிச் சொந்தக்காரர்களிடம் காட்டி, "உருவியாச்சு" என்பாள். அதன் பிறகே உலைக் கதவு திறக்கும்.

சிலர் அந்த நேரத்தில் திரும்பி நின்றுகொள்வார்கள். சில பெண்கள் மயங்கி விழுவதும் உண்டு. பெற்றவளைக் கடைசியாகப் பார்த்த இடம் அவளுடைய பிடரி என்று ஆகிப்போனவர்கள் அந்த ஊரில் எத்தனையோ பேர்.

இந்த விதி வந்ததற்குக் காரணம் உலகம்மாளின் புருஷன் பலவேசம். அங்கே உலை இயக்கிக்கொண்டிருந்தவர். அவர் செத்த விதத்தைப் பார்த்துத்தான் நகராட்சி விதியைப் போட்டது. அவருடைய வேலைக்கு ஈடாகக் கொக்கியை உலகம்மாள் கையில் கொடுத்தபோது ஊரில் யாரும் தப்பாக நினைக்கவில்லை. அவளைவிட அதற்கு உரிமை உள்ளவர் யார் என்றுதான் கேட்டார்கள்.

கம்பி எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோடை ஐம்பது டிகிரியைத் தாண்டத் தொடங்கிய பிறகு உப்பளங்களில் பகல் வேலை நின்றுபோகிற நிலை வந்தது. உப்பு என்னவோ முன்னைவிட வேகமாகத்தான் விளைந்தது. வாருவதற்கு ஆள் நிற்க முடியவில்லை. பாத்தியில் இறங்கியவர்கள் உப்பு வாரும் பலகையோடு அப்படியே சாய்ந்தார்கள். அப்போது உப்புக் கம்பெனிகள் சேர்ந்து ஒரு மருத்துவ முகாம் போட்டன. தோள் எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து முதுகில் இறங்கும் ஒரு கம்பி. வெயில் உறைக்கும் முன்பே அது உடம்பை வியர்க்கச் சொல்லும். தலை கிறுகிறுப்பதையும் கண் இருட்டுவதையும் அடக்கிவைக்கும். அதை வைத்துக்கொண்டவர்களுக்கு வேலை உண்டு. மற்றவர்களுக்கு இல்லை.

சந்தை முக்கில் நடந்த அந்த முகாமை உலகம்மாளும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். கம்பெனி ஆள் ஒருவன் வெள்ளை உறை போட்ட கம்பியை ஆசிட்டில் முக்கிக் காட்டினான். பிறகு பக்கத்து டீக்கடையில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியிலேயே போட்டு, அரித்து எடுத்து, தன் சட்டையில் துடைத்துக் காட்டினான். உறை அப்படியே இருந்தது.

"எல்லாஞ் சரி தம்பி, பஜ்ஜி வேகலையே" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டதும் கூட்டம் சிரித்தது. அவர்தான் கொம்பையா. அளத்துத் தெருக்காரர். உப்பு வாருகிறவர்களில் வாய்க்குப் பேர்போனவர்.

"வேகாது அண்ணாச்சி. அதான் விசேசமே" என்றான் கம்பெனி ஆள். "தோசைக்கல்லுல ஒட்டாம இருக்கதுக்குப் பூசியிருப்பாங்கள்லா, அந்தச் சாதி. உலைக்கூடத்து மோட்டாரு, ராக்கெட்டு எல்லாத்துக்கும் இந்த உறைதான். உப்பு அரிக்காது, சூடு தாக்காது. ஒங்களுக்குப் பொறவும் அது இருக்கும்."

"எனக்குப் பொறவு இருந்து என்ன செய்யப் போவுது? எம் பொண்டாட்டிக்குத் தொணைக்கா?"

சிரித்துக்கொண்டே போய் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

கம்பி வெயிலைக் குறைக்கவில்லை. வெயில் உறைக்காதபடி மட்டும் செய்தது. இரண்டும் ஒன்றில்லை என்பது அடுத்த கோடையில் தெரிந்தது. தலை சுற்றினால் மனிதன் உட்கார்ந்துவிடுவான். சுற்றாதவன் வாரிக்கொண்டே இருந்தான், உள்ளே ஈரல் வேகும் வரை. அந்தக் கோடையின் மோசமான வாரத்தில் ஊரில் கிழவர்களும் குழந்தைகளும் வரிசையாகச் செத்தார்கள். மின்மயானத்து உலை ஆறுவதற்கு நேரம் இல்லாமல் எரிந்தது. ஒரு உடம்புக்கும் இன்னொரு உடம்புக்கும் இடையில் ஆற விட வேண்டும் என்று பலவேசம் நகராட்சி மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தார். வாசலில் வரிசை நிற்கிறது, உனக்கு ஓய்வு கேட்கிறதா என்றார் மேஸ்திரி. "எனக்கில்ல சார், உலைக்கு. ஒரு நா நீங்களும் இதுக்குள்ளதான் வரணும், நல்லபடியா வச்சிருக்க வேண்டாமா" என்று தான் பதில் சொன்னதைப் பலவேசம் உலகம்மாளிடம் வந்து சொல்லிச் சிரித்தார். உலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை. குளிர் இயந்திரம் உண்டு என்பதால் அந்த வாரம் முழுக்க அவர் கதவை அடைத்துக்கொண்டு அதற்குள்ளேயேதான் இருந்தார்.

அந்த வாரத்தில்தான் கொம்பையாவைக் கொண்டுவந்தார்கள். உடம்பில் கம்பியோடு ஊரில் செத்த முதல் ஆள். பெட்டி சூட்டில் வெடிக்கும் என்று ஆஸ்பத்திரியிலேயே அதை எடுத்துவிட்டிருந்தார்கள். கம்பியையும் எடுக்கவா என்று கேட்டதற்கு அவர் மனைவி சண்முகக்கனி ஒத்துக்கொள்ளவில்லையாம். மயானத்து வாசலிலும் அதையே சொன்னாள். "பெட்டிய எடுத்தது போதும். இனிமே அவிய மேல கத்தி வைக்காதிய."

பலவேசம் அவளைத் தேற்றினார். "கெடக்கட்டும்மா. ஒரு முழக் கம்பி என்ன செஞ்சிரும்" என்று சொல்லிக் கதவை மூடினார். பக்கத்தில் நின்ற நாலு பேர் அதைக் கேட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவருக்குக் குளிர் எடுத்தது. ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்க, அவர் போர்வை கேட்டார். ஒரு போர்வை போதவில்லை. உலகம்மாள் தன் சேலைகளையும் எடுத்து மேலே போட்டாள். மறுநாள் காலையில் மூச்சு கொப்பளித்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது. நுரையீரலில் நீர் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். அந்த வெள்ளை உறை அளவுக்கு மீறிச் சூடேறினால் வருகிற ஆவி இப்படிச் செய்யும், காய்ச்சல் போலத்தான் தொடங்கும் என்று எங்கோ படித்திருந்ததால் அவரால் சொல்ல முடிந்தது. உறை எங்கே இருந்தது என்று அடுத்த கேள்வி வந்தது. கொம்பையாவின் முதுகில் இருந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பதினாறு கழிவதற்கு முன்பே உலகம்மாள் அளத்துத் தெருவுக்குப் போனாள். சாவு வீட்டுத் துட்டிக்கு ஆள் அனுப்பினால் ஒழிய மயானத்துக்காரர் வீட்டுப் பெண்கள் அந்தத் தெருவுக்குள் நுழைவதில்லை. அன்றைக்கு யாரும் அவளைத் தடுக்கவில்லை. தெரு முழுக்க ஆள் கூடியது. கொம்பையா வீட்டு வாசலில் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி வீட்டுக்குள் தூற்றினாள்.

"எம் புருசன் மூச்ச அடைச்ச வீட்டுல வெளக்கு எரியாது. ஒரு நல்லது நடக்காது."

உள்ளே மூலையில் உட்கார்ந்திருந்த சண்முகக்கனி தலையைத் தூக்கவில்லை. தாலி இறங்கிய கழுத்தில் மண் விழுந்து கிடந்தது. நிலைப்படியில் அவள் மகள் பிரம்மசக்தி நின்றாள். நிச்சயம் ஆகி, தை மாதத்துக்கு நாள் குறித்திருந்த பெண். அவள் உலகம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை உலகம்மாள் அப்போது பொருட்படுத்தவில்லை.

தை வந்தபோது கல்யாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் சொல்லவில்லை, ஆளை அனுப்பித் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். குழாயடியில் சண்முகக்கனியின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லாமல் போகவே அவளும் கம்பி வைத்துக்கொண்டு அளத்தில் இறங்கினாள். மகள் ஐஸ் கம்பெனிக்குப் போனாள். இதெல்லாம் உலகம்மாள் காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மண் பலிக்கிறது என்று அவளிடம் வந்து சொன்னவர்களும் உண்டு. அவள் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அந்த வருடங்களில் அவள் எத்தனையோ கம்பிகளை உருவினாள். முதலில் ஒவ்வொன்றையும் கொம்பையாவின் முதுகிலிருந்தே உருவுவது போல இழுத்தாள். பிறகு கை பழகிவிட்டது. உருவியவற்றை வாசலுக்குப் பின்னால் நீல டிரம்மில் போட்டுவைப்பாள். பழைய இரும்புக்காரன்கூட அவற்றை வாங்குவதில்லை. உறையை உரிக்கவும் முடியாது, கொளுத்தவும் முடியாது என்பான். முதல் வருடம் போட்டதும் நேற்றுப் போட்டதும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன.

கம்பி உருவச் சம்மதிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்கள் அளத்துக்கு அப்பால் இருக்கும் உவர்நிலத்தில் புதைக்க வேண்டும். அங்கே ஆழமாகத் தோண்ட முடியாது. முழங்கால் அளவுக்குள் தண்ணீர் ஊறிவிடும். ஐப்பசி மழையில் குழிகள் திறந்துகொள்ளும். நாய்கள் வரும்.

கடைசியில் உலையே ஒருநாள் நின்றுபோனது. உலைக்குப் புதிதாக மின்கம்பி இழுக்க வெளியூர் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன் வந்தான். செல்வின் என்று பெயர். வாய் ஓயாது. உலகம்மாள் கொண்டுவந்து கொடுக்கிற கடுங்காப்பிக்காக அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியவன், அந்த உரிமையிலேயே எல்லாவற்றையும் கேட்டான். பிணத்துக்குப் பயப்பட மாட்டீர்களா, பேய் உண்டா, இருந்தால் அதற்கும் கம்பி உருவ வேண்டுமா என்று. அவளும் பல வருடங்களுக்குப் பிறகு கொஞ்சம் சிரித்தாள்.

ஒரு காலையில், உலையின் பின்சுவர்த் தகட்டைக் கழற்றியவன் பேச்சை நிறுத்திவிட்டான். பிறகு கேட்டான்.

"அக்கா, இங்க யாரும் செத்தாங்களா?"

"சுடுகாட்டுல நின்னுகிட்டுக் கேக்க கேள்வியப் பாரு."

"வெளையாட்டு இல்லக்கா. இங்க வேல பாத்தவங்க."

அவள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தாள். உள்செங்கல் வாய் பிளந்திருந்தது. அதை ஒட்டி மணிக்கட்டுத் தடிமனில் ஒரு மின்கம்பிக் கட்டு ஓடியது. ஓரத்தில் வெள்ளையாக இருந்த உறை, செங்கல் பிளந்த இடத்தில் பழுப்பாகி, சுருங்கி, நடுவில் இல்லவே இல்லை. வெறும் செம்பு தெரிந்தது.

"இதுவும் அந்த உறைதான். நீங்க உருவுறீங்கள்ல, அதே சரக்கு" என்றான் செல்வின். "எரநூத்தி அறுவது டிகிரி வரைக்கும் அசையாது. நானூறத் தாண்டிட்டா காத்தாப் போயிரும். எரியாதுக்கா, அதான் இதுல உள்ள ஏமாத்து. சாதாரண ஒயரு கருகுனா நாத்தத்துலயே எந்திரிச்சு ஓடிருவோம். இது சத்தமில்லாம வேவும். மொதல்ல குளிர் காய்ச்சல் மாதிரி இருக்கும், பொறவு நெஞ்சுல தண்ணி கட்டிரும். செங்கல்ல ஆற விடாம ஓட்டியிருக்காங்க, அதான் பொளந்திருக்கு."

தன் புருஷன் அப்படித்தான் செத்தார், அது எரித்த உடம்புக்குள் இருந்த கம்பியால் வந்தது என்று உலகம்மாள் சொன்னாள். ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள், அதற்காகத்தான் விதியே போட்டார்கள் என்றாள். செல்வின் எழுந்து போய் டிரம்மிலிருந்து ஒரு கம்பியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இதுல உறை எவ்வளவு இருக்கும்? ரெண்டு வெத்தல எடை. அதுவும் மூடுன உலைக்குள்ள. வாற புகைய எல்லாம் ஃபேன் இழுத்துக் கொழாய் வழியா மேல அனுப்பிரும். அவரு இருந்தது இந்தக் கண்ணாடி ரூமுலதான? இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் வெந்தது எத்தன கிலோன்னு பாருங்க. கதவ வேற அடைச்சு வச்சிருந்திருப்பாரு."

அவள் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள். செல்வினே தொடர்ந்தான்.

"அதுக்கு முந்தி ஏதாச்சும் பறவ செத்துக் கெடந்துச்சா? பறவைக்குத்தான் இது மொதல்ல பிடிக்கும்."

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பலவேசம் சொன்னது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. குளிர் இயந்திரத்துக் குழாயில் கூடு கட்டியிருந்த மைனா குஞ்சுகளோடு செத்துக் கிடந்ததாம். குப்பையில் போட மனம் வராமல் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாராம். "இன்னைக்கு நாலு சின்ன உருப்படி, கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அந்த வாரம் ஊர் முழுக்கப் பறவைகள் விழுந்துகொண்டிருந்ததால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அதைச் சொன்ன அன்றைக்குக் கொம்பையா உயிரோடு இருந்தார்.

"எனக்கு நெனவில்ல" என்றாள் செல்வினிடம்.

அவன் மேஸ்திரியிடமும் சொன்னான். விதி போட்டு ஊரே பழகிவிட்டது, இப்போது போய்க் கிளறாதே, வந்த வேலையை முடித்துவிட்டுப் போ என்றாராம். செல்வின் பழைய கட்டைப் பிடுங்கி எறிந்தான். செங்கலைப் புதுப்பித்து, சூட்டுக்கு அஞ்சாத வேறு கம்பியைச் சுவரை விட்டுத் தள்ளி இழுத்தான். ஊருக்குப் போகும்போது, "நான் சொன்னத மனசுல வச்சுக்கிடுங்கக்கா" என்றான். வாய் ஓயாதவன் பேச்சு என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உலை மறுபடி எரிந்தது. அவள் மறுபடி கொக்கியை எடுத்தாள். இப்போது இறந்தவர்களுக்கு வலிக்கும் என்பது போல மெதுவாக இழுத்தாள். செல்வின் சொன்னது உண்மையாக இருந்தால் தான் அன்றைக்குத் தூற்றிய மண் எங்கே விழுந்தது என்ற கேள்வி வந்துவிடும். அதனால் அது உண்மையில்லை என்று இருந்தாக வேண்டும்.

அப்படி இருக்கையில் சண்முகக்கனியின் உடம்பு வந்தது.

அளத்தில்தான் சாய்ந்தாளாம். கூட வந்தது ஐஸ் கம்பெனிப் பெண்கள் மூன்று பேரும் வண்டிக்காரரும்தான். பிரம்மசக்தி முன்னால் இறங்கினாள். முகத்தில் எலும்பு தெரிந்தது. எந்த முறையும் வைத்துக் கூப்பிடாமல் நேராகப் பேசினாள்.

"பெட்டிய ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க. எங்கம்மா ஒண்ணுதான் கேட்டுது, அதுக்கு மேல கத்தி வைக்கக் கூடாதுன்னு. இங்க விதி இருக்குன்னு தெரியும். அளத்துக்கு அங்கிட்டுக் கொண்டு போறோம். வாசல்ல சொல்லிட்டுத்தான் போகணும்னு வண்டிக்காரரு சொன்னாரு. சொல்லிட்டேன்."

உலகம்மாள் வண்டிக்குள் பார்த்தாள். உப்புப் பூத்த பாதங்கள் தெரிந்தன.

"எறக்குங்க" என்றாள்.

"அறுக்கக் கூடாது."

"அறுக்கல. மல்லாக்கவே கெடத்துங்க."

பலவேசத்துக்குப் பிறகு உலை இயக்குகிறவன் இசக்கிதுரை, பலவேசத்திடம் வேலை பழகியவன், ஓடி வந்தான். மேடையில் முகம் மேலே பார்க்கக் கிடந்த உடம்பையும் சுவரில் தொங்கிய கொக்கியையும் மாறி மாறிப் பார்த்தான். அவனை வீட்டுக்குப் போகச் சொன்னாள் உலகம்மாள். பிள்ளைக்குக் காது குத்து வைத்திருக்கிறாயே, சாமான் வாங்கப் போ, உலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"என்ன மயினி, என்னைய வேலைய வுட்டுத் தூக்கப் போறியளா?" என்று சிரிக்கப் பார்த்தவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணனுக்கு ஆனது மறந்துட்டா?"

"மறந்தா ஒன்ன எதுக்கு வெளிய அனுப்புதேன்?"

அவன் போகவில்லை. ஆனால் வாசலைத் தாண்டிப் போய்ச் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான். ஐஸ் கம்பெனிப் பெண்களையும் உலகம்மாள் அங்கேயே அனுப்பினாள். கொள்ளி வைக்க ஆண்பிள்ளை யாரும் இல்லாததால் பிரம்மசக்தியே தாயின் நெஞ்சில் சூடம் ஏற்றினாள். பிறகு அவளையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, உலகம்மாள் உடம்பை உள்ளே தள்ளிக் கதவை இறக்கினாள். பொத்தான்கள் எது எதற்கு என்று பலவேசத்தைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தெரியும்.

கண்ணாடி அறைக்குள் போய்க் கதவை அடைத்தாள். குளிர் இயந்திரத்தை நிறுத்தினாள். உலையில் அந்த அறைப் பக்கமாக உள்ளே பார்ப்பதற்கு ஒரு சின்ன மூடி உண்டு. அதைத் திறந்துவிட்டு அதன் எதிரிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. வழக்கத்தைவிட ஆழமாகவே மூச்சு இழுத்தாள். பலவேசம் கொம்பையாவை எரித்த அன்றைவிடக் கூடுதலாகவே அந்த உடம்புக் கம்பியின் புகை அவள் மேல் பட வேண்டும், சுவர்க் கம்பி ஒன்றுதான் இப்போது வேறு. எல்லாம் அடங்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் குளித்துவிட்டுப் பாயை விரித்தாள். பெட்டியிலிருந்து போர்வையை எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள். பலவேசத்துக்குச் சாயங்காலம்தான் தொடங்கியது. அவள் சமைக்கவில்லை. நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்; கழுத்தில் வைத்துப் பார்த்தாள். வெயில் இறங்கியது. இசக்கிதுரை வந்து வாசலில் நின்றபடியே எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் போன பிறகு ஒருமுறை முதுகு சில்லிட்டது போல இருந்தது. அப்போது அவளுக்குள் வந்தது பயம் இல்லை. பல வருடங்களாகப் பூட்டி வைத்திருந்த கோபம் சரியாகவே இருந்திருக்கிறது என்ற ஆறுதல்தான் வந்தது. போர்வையை எடுத்து மேலே இழுத்துக்கொண்டு, வா, வா என்று அந்தக் குளிரை அழைத்தாள். அது ஈரத்தலையில் பட்ட காற்று. வியர்த்ததும் போர்வையைத் தள்ளிவிட வேண்டியிருந்தது.

காலையில் பசித்தது. நெஞ்சு லேசாக இருந்தது. எழுந்து முற்றத்தைக் கூட்டினாள். பழைய சோற்றைக் கரைத்துக் குடிக்க உட்கார்ந்தவள், பாதியில் தம்ளரை வைத்துவிட்டு, பலவேசம் செத்த அன்று அழாத அழுகையாக அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, உடம்புக்கு என்ன என்றாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாள் உலகம்மாள்.

எலும்பு பொறுக்கப் பிரம்மசக்தி மண்கலயத்தோடு வந்திருந்தாள். உலகம்மாள் தட்டை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து, பாலும் தெளித்தாள். கால் எலும்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பிரம்மசக்தி வாங்கிக் கலயத்தில் போட்டபடி கேட்டாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலியா? வெளிய நின்ன அண்ணன் சொன்னாரு."

"ஒண்ணும் ஆகல."

பிரம்மசக்தியின் கை நின்றது.

"அப்ப எங்கப்பா?"

"அவராலயும் இல்ல மக்களே. இந்தச் சுவருக்குள்ள ஓடுன கம்பி வெந்திருக்கு. ஒயரு மாத்த வந்த தம்பி முந்தியே சொல்லுச்சு. நாந்தான் நம்பல. நெசமான்னு பாக்கணும்னு இருந்துச்சு."

"எங்கம்மாவ வச்சா பாத்திய?"

கத்தி படாமல் அனுப்பினோம் என்றுதான் உலகம்மாள் நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டதும் பொய்யில்லை.

கடைசி எலும்பையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, உன்னோடு வருகிறேன் என்றாள். அன்றைக்கு நின்ற அதே வாசலில் நின்று, நான் செய்தது தப்பு என்று தெரு கேட்கச் சொல்கிறேன் என்றாள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன் என்றாள்.

பிரம்மசக்தி கலயத்தின் வாயில் துணியைப் போட்டுக் கட்டினாள். முடிச்சைப் போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"எந்தத் தெருவுல சொல்லுவிய? அன்னைக்குக் கூடி நின்னு கேட்டவங்கள்ல பாதிப் பேரு ஊர விட்டே போயிட்டாவ. மீதிப் பேரு இந்த வாசல் வழியாப் போனவியதான். நீங்கதான ஒவ்வொருத்தராக் கம்பி உருவி உள்ள அனுப்புனிய."

கலயத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கரைக்கப் போகிற இடத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. அனுப்புவதற்கு அவளுக்கு ஆள் யாரும் இல்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, காய்ந்து வெடித்த அளத்து வரப்பில் கடலைப் பார்த்துத் தனியாக நடந்தாள். அவள் உருவம் வெயிலில் ஆடி, சின்னதாகி, வரப்பு முடிகிற இடத்தில் மறையும் வரை உலகம்மாள் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.